என் தொப்பைக்கு அவள் பட்டினி

தொப்பையைக் குறைக்க சர்க்கரையை நிறுத்தியது நான்தான். ஆனால் வீட்டிலேயே சர்க்கரை இருக்கக் கூடாது என்று மனைவியிடம் கத்தினேன். ராத்திரி எனக்கு இரண்டு சப்பாத்தி என்றால் அவளுக்கும் இரண்டுதான்.

ஒருநாள் காலை கிரிவலப் பாதையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெக்கமா இல்ல? திருட்டுத்தனமா இங்க வந்து டீ குடிக்கிற?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"உங்க தொப்பைக்கு நான் எதுக்குங்க பட்டினி கெடக்கணும்?" என்றவள், கடைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணா, இன்னொரு டீ" என்றாள்.

"எப்பவும் போல சக்கர ஜாஸ்தியாத்தானம்மா?" என்றார் அவர்.

அவளுக்கு டீயில் சர்க்கரை ஜாஸ்தி வேண்டும் என்பது, பதினாறு வருஷம் அவளோடு வாழ்ந்த எனக்குத் தெரியாது. அவள்மேல் வந்த கோபம் அப்போதே என்மேல் திரும்பியது; அது இன்னும் ஆறவில்லை.