ஒரகடத்தில் ஒரு தொழிலாளர் மன்றம்

ஜெர்மன் சோஷலிச சிந்தனையின் வரலாறுதான் என் ஆராய்ச்சி என்றால் எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமிலேயே பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஒரகடம் தொழிற்பேட்டையில் அப்படியில்லை. சோஷலிசம் யாருக்கும் வேண்டாம், ஜெர்மன் மொழி வேண்டும். விடுமுறைகளில் அங்குள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மொழிபெயர்க்கப் போவேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு தடவை வந்த விருந்தாளி முதலாளி இல்லை, ஜெர்மனியிலுள்ள தாய் நிறுவனத்தின் தொழிலாளர் மன்றத் தலைவர். அங்கே தொழிலாளிகளே ஓட்டுப் போட்டு மன்றத்தை அமைக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும், நாடே மன்றங்களின் கைக்கு வரவேண்டுமா, நாடாளுமன்றம் போதுமா என்று அந்த ஊர் சோஷலிஸ்டுகள் கடுமையாக மோதிக்கொண்டார்கள். கடைசியில் தொழிற்சாலைக்குள் மட்டும் மன்றம் மிஞ்சியது. இங்கே எப்படி என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

இங்கே எப்படி என்று எனக்குத் தெரியும். அசெம்பிளி லைனில் வேலை செய்த மண்ணூர்ப் பெண் ஜெயந்தியை என் ஆராய்ச்சிக்காகச் சந்தித்திருந்தேன். எங்களுக்கும் தேர்தல் வையுங்கள் என்று கையெழுத்து வாங்கியதற்காக அவளை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். விசாரணை முடிந்தால் வேலையே போய்விடும். ஆனால் மொழிபெயர்ப்பவர் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. அறையில் பேசியதில் ஒரு வார்த்தை விடவும் கூடாது.

கான்ஃபரன்ஸ் ரூமில் தொழிலாளர் பிரதிநிதிகள் என்று மூன்று பேரை உட்கார வைத்திருந்தார்கள். உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று விருந்தாளி கேட்டார். மூவரும் எச்.ஆர். மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“மேடம், எல்லாரும் ஓட்டுப் போட்டாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க.”

சொன்னேன். ‘எல்லோரும் ஓட்டுப் போட்டதாக என்னையே சொல்லிவிடச் சொல்கிறார் மேனேஜர்’ என்று முழுதாக ஜெர்மனில் சொன்னேன். மனிதருக்கு அந்த மொழி தெரியாது, திருப்தியாகத் தலையாட்டினார்.

விருந்தாளி சிரிக்கவில்லை. மூவரில் மூத்தவரான முருகேசனிடமே திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். முருகேசன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

“யாரும் ஓட்டுப் போடல சார். வரச் சொன்னாங்க, வந்தோம். எலெக்‌ஷன் கேட்டது ஜெயந்தின்னு ஒரு பொண்ணு. அதுக்காவ அந்தப் பொண்ண வெளிய நிறுத்திக்கீறாங்க.”

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ஜெயந்தியைப் பார்க்காமல் கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் விருந்தாளி. பிறகு தலைமையகத்திலிருந்து கேள்வி மேல் கேள்வி வந்து சஸ்பென்ஷன் ரத்தானது, தேர்தலும் நடந்தது. என்னை அதற்கப்புறம் அவர்கள் கூப்பிடவே இல்லை. போகட்டும்.

முடிவு வந்த அன்று ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் ஜெயந்தியைப் பார்த்தேன். தேர்தலில் நின்றிருந்தாள், தோற்றிருந்தாள். எனக்கு ஆறவில்லை. அவளோ என்னைச் சமாதானப்படுத்தினாள்.

“தோத்தா இன்னா மேடம்? ஓட்ட எண்ணித்தான தோக்கடிச்சாங்க.”

அந்த ஓட்டுக்காக யார் யாரோ மோதிக்கொண்டதைப் புத்தகம் புத்தகமாகப் படித்தவள் நான். தோற்ற ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக ஷிஃப்டுக்குப் போவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.