குடலிறக்கம் எனக்கு, ஆபரேஷன் மகளுக்கு: திருச்சிக்கு மூன்று முறை போய் வந்த கதை

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், அணைக்கட்டு, நல்ல பரோட்டா கிடைக்கும் இடம் என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை போனது மருத்துவமனைக்கு. புரட்டாசி மாதம், குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்குப் போனோம். என் மகள் சுகன்யாவுக்கு மார்பக அறுவை சிகிச்சை. அவள்தான் இதை எழுதச் சொன்னாள். "பொண்ணுங்க எழுதினது நிறைய இருக்குப்பா. அப்பாக்கள் எழுதி நான் ஒண்ணும் பார்க்கல. நீங்க அடிச்ச கூத்தை எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்" என்றாள்.

என்னைப் பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு: பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாம் தடவையில். பம்புசெட் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுகன்யாவுக்கு வயது இருபத்தாறு, தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அப்பா, எனக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் சரியா வளரல. ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்." நான் பதறிப்போய் அவள் காலைப் பார்த்தேன். என் மனைவி மாலா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "காலை ஏங்க பாக்குறீங்க, மார்பு" என்றாள். தட்டில் ரசம் ஓடிக்கொண்டே இருந்தது, நான் அணை கட்டவில்லை.

"கல்யாணத்துக்காகவாம்மா?" என்று கேட்டேன். "எனக்காகப்பா" என்றாள். மாலாவுக்கு இது பன்னிரண்டு வருஷமாகத் தெரியுமாம். உள்ளாடைக்குள் வைக்கப் பஞ்சுத் திண்டு தைத்துக் கொடுத்ததே அவள்தானாம். தெருவில் போகும்போதே எந்த வீட்டு மோட்டாரில் காயில் கருகுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லுகிற ஆள் நான். என் வீட்டுக்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரத் திருச்சிக்குப் போனோம். பெண் டாக்டர். மேசை மேல் மூன்று சிலிகான் பைகளை வைத்து, "பிடிச்சுப் பாருங்க சார்" என்றார். மாலா எடுத்துப் பார்த்தாள், சுகன்யா எடுத்துப் பார்த்தாள். என் கையில் வந்தபோது தோல் உரித்த நுங்கு மாதிரி இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "இதுக்கு வாரண்டி எவ்வளவுங்க?" என்றேன். சுகன்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "சரியான கேள்விதான் சார். ஆயுசு முழுக்க அப்படியே இருக்கும்னு சொல்ல மாட்டேன். பின்னாடி மாத்த வேண்டி வரலாம். அப்பப்ப ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கணும்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அந்த அம்மா மேல் நம்பிக்கை வந்தது.

இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மார்பகத்துக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். தலைவலிக்குப் போடுகிற மாத்திரை, பக்கத்து வீட்டில் கொடுத்த லேகியம் உட்பட என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சிலவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். சிலதால் இரத்தம் உறைவது தாமதமாகுமாம்.

இனி என் கூத்து. சுகன்யா கேட்டது ஒன்றே ஒன்று: யாருக்கும் தெரிய வேண்டாம். எங்கள் ஊரில் ஒருநாள் வீடு பூட்டிக் கிடந்தாலே காரணம் சொல்லியாக வேண்டும். கடைக்கு மோட்டார் தூக்கி வந்த ஒருவர், "என்னண்ணே, அடுத்த வாரம் கடை லீவாமே?" என்று கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே, "எனக்கு ஆபரேஷன். குடலிறக்கம்" என்று சொல்லிவிட்டது. சாயங்காலத்துக்குள் பாபநாசத்தில் இருக்கும் என் அக்கா ராஜாத்தி வரைக்கும் சேதி போய்விட்டது.

புறப்பட்டது காலை ஐந்து மணிக்கு. எங்கள் ஊர் பாபுவின் கார், போக வர 2,800 ரூபாய். திருவையாறு, தஞ்சாவூர் புறவழிச்சாலை, அங்கிருந்து நெடுஞ்சாலை, மொத்தம் எழுபது கிலோமீட்டர் போல. ஏழு மணிக்கு முன்பே போய்விட்டோம். பாபுவும் நான்தான் நோயாளி என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, சீட்ட சாச்சு விடவா? தும்மல் வந்தா அடக்கிக்குங்க, பிச்சுக்கும்" என்று வழி நெடுக என்னைக் கவனித்துக்கொண்டே வந்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் பின்னால் உட்கார்ந்திருந்த சுகன்யா சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வெளியே கொண்டுவந்தபோது முகம் வெளுத்து, விலாப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய், அதன் நுனியில் ஒரு குப்பியில் இரத்தம். நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா ஓடி வந்து எனக்கு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். கண் விழித்த சுகன்யா என்னைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஆபரேஷன் ஆச்சு?" என்று கேட்டாள். மாலா குடலிறக்கக் கதையை மறுபடி ஆரம்பித்தாள். "சிரிக்க வைக்காதம்மா, வலிக்குது" என்றாள்.

மறுநாள் குழாயை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். மல்லாந்துதான் படுக்க வேண்டும், முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்து. கொடுத்திருக்கும் இறுக்கமான உள்ளாடையைக் கழற்றக் கூடாது. தோளுக்கு மேல் கை தூக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு மேல் கனமான எதையும் எடுக்கக் கூடாது. காரில் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே சின்னத் தலையணை வைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் பாபுவை உருட்டிப் போகச் சொன்னேன். "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்றான். "ஆமாம்ப்பா" என்றேன். அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள்தான் என் புத்திசாலித்தனத்தின் முழு அளவு எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் உறவு சும்மா இருக்காது. ஹார்லிக்ஸ், பிரெட், சாத்துக்குடியோடு விசாரிக்க வரும். காலை பதினொன்றுக்கு ராஜாத்தி அக்கா, இன்னும் நான்கு உறவுக்காரர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். மாலா பஞ்சும் மருந்தும் வாங்கத் திருவையாறு போயிருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிலில் படுத்துப் போர்த்திக்கொண்டேன். நோயாளி நான். அப்படியென்றால் வந்தவர்களைக் கவனிக்க வேண்டியது யார்? வீட்டில் நல்லபடியாக இருக்கும் மகள்.

"ஏண்டி சுகன்யா, அப்பன் படுத்துக் கிடக்கான், நீ மசமசன்னு நிக்கிற. வந்தவங்களுக்கு ஒரு வாய் காபி போடக் கூடாதா?" என்றாள் அக்கா.

"காபி வேணாம்க்கா, டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டார்" என்றேன் கட்டிலிலிருந்து.

"உனக்கு யாருடா குடுத்தா? எங்களுக்கு."

எழுந்திருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுகன்யா என்னைப் பார்த்து, பேசாமல் படுங்கள் என்று கண்ணைக் காட்டிவிட்டு அடுப்படிக்குள் போனாள். விருந்தாளிக்கு எடுக்கும் டபரா செட் மேல் தட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அத்தனை டபராவும் தரையில் உருளும் சத்தம் கேட்டது.

குடலிறக்கக்காரன் போர்வையை உதறிக்கொண்டு ஓடியதை நான்கு உறவுக்காரர்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அடுப்படியில் சுகன்யா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலையிலேருந்தே ஆபரேஷன் பண்ண பக்கம் இறுக்கமா இருந்துச்சுப்பா. இப்ப வீங்குது. கல்லு மாதிரி ஆயிருச்சு" என்றாள். மேலே போட்டிருந்த துண்டையும் மீறி எனக்கே வித்தியாசம் தெரிந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். "ஆபரேஷன் பண்ண பக்கமா? உள்ளே இரத்தம் கட்டுதோ என்னவோ. உடனே கூட்டிட்டு வாங்க. சாப்பிட, குடிக்க ஒண்ணும் குடுக்காதீங்க" என்றார். பாபுவுக்குப் போட்டால் அவன் வேளாங்கண்ணியில் இருக்கிறான். வாசலில் நிற்பது அக்கா வந்த கார் ஒன்றுதான்.

அக்கா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். என் வாய், தேவையில்லாத நேரத்தில் பொய் சொன்ன அதே வாய், இப்போது ஒட்டிக்கொண்டது. சுகன்யாதான் பேசினாள்.

"அத்தை, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஆபரேஷன். மார்ல. உங்க கார் வேணும்."

அக்கா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு திட்டுக்கு நான் தயாராக நின்றேன். அவள் வாசல் பக்கம் திரும்பி, "டிரைவர் தம்பி, வண்டிய எடு" என்று மட்டும் சொன்னாள்.

பின் சீட்டில் சுகன்யாவை அக்கா தன் மேல் சாய்த்துக்கொண்டாள். மாலாவைத் திருவையாற்றில் மருந்துக்கடை வாசலிலேயே ஏற்றிக்கொண்டோம். தஞ்சாவூர்ச் சாலைக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் பாதிச் சாலைக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் எதிரே அறுவடை இயந்திரம் வந்து நிற்கிறது. அது பின்னால் போக இடமில்லை, எங்களுக்குப் பின்னால் இரண்டு லாரி. நெல் மேல் ஏற்ற டிரைவர் தயங்கினார். அக்கா இறங்கினாள். "ஆஸ்பத்திரிக்குப் போற புள்ளம்மா, கொஞ்சம் ஒதுக்குங்க" என்றாள். நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் யாருக்கு என்ன என்று கேட்கவில்லை. பலகையால் ஒரே தள்ளாகத் தள்ளி வழி விட்டார்கள். அக்காவும் குனிந்து இரண்டு கையாலும் தள்ளினாள். ஏறி உட்கார்ந்தபோது சேலையெல்லாம் அரிக்கிற நெல் சுணை.

நெடுஞ்சாலைக்கு வந்தபிறகுதான் அக்கா என்னிடம் பேசினாள். "அப்ப நீ படுத்துக் கிடந்தது?"

"சும்மாக்கா."

"ஒரு மாசத்துக்குக் குனிஞ்சு ஒரு சாமானும் தூக்காதேன்னு போன்ல அழுதேனேடா."

"ஆமாக்கா."

"இறங்கினதும் இருக்கு உனக்கு."

சுகன்யா கண்ணை மூடியபடியே, "அத்தை, ரெண்டு அடி எனக்கும் சேத்துப் போடுங்க" என்றாள்.

ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நேராக உள்ளே கொண்டுபோனார்கள். கட்டிய இரத்தத்தை எடுத்து, கசிந்த இடத்தை அடைத்து, பையை மறுபடி வைத்துத் தைத்தார்கள். வெளியே வந்த டாக்டரிடம் டபரா செட் பற்றிச் சொன்னேன். "அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது சார், சும்மா இருக்கும்போதும் சிலருக்கு வரும். ஆனா சொன்னதும் வந்தீங்க பாருங்க, அது நல்லது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ.

மறுநாள் வார்டில் அக்காவின் போன் அடித்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் காபி வராமலே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், எங்கள் சித்தப்பா மகள் கலா. குடலிறக்கக்காரன் எழுந்து ஓடியதை ஊரே பேசிக்கொண்டிருக்கும். அக்கா வாய் சும்மா இருக்காது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு சுகன்யாவிடம் நீட்டினாள். "உன் உடம்பு. சொல்லணும்னா நீ சொல்லு. வேணாம்னா கட் பண்ணிரு, நான் பாத்துக்கறேன்."

சுகன்யா போனை வாங்கினாள். "அத்தை, நான் சுகன்யா. ஆபரேஷன் எனக்குத்தான். ஆமா, எனக்கு. நல்லாருக்கேன். வீட்டுக்கு வந்ததும் வாங்க. ஆனா காபி நீங்கதான் போடணும்." அவ்வளவுதான். எந்த இடம், எதற்கு என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. "அதை அப்புறம் சொல்றேன் அத்தை" என்று வைத்துவிட்டாள். அக்கா இன்று வரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ஆயுளில் நான் பார்த்த பெரிய அதிர்ச்சி அதுதான்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. போன வாரத்திலிருந்து ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போகிறாள். இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திருச்சிக்கு நெடுஞ்சாலையிலேயே போங்கள், அறுவடை மாதத்தில் கிராமச் சாலைக்குக் கூடுதலாக அரைமணி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முழுக்கக் கூப்பிட்டால் வருகிற வண்டி ஒன்று கைவசம் இருக்க வேண்டும். எங்களுக்குக் காப்பீட்டில் பணம் வரவில்லை, இரண்டாவது தடவை உள்ளே போக நேர்ந்தால் அதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். சட்டை, நைட்டி எல்லாம் முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். அன்றாடம் தேவைப்படும் பாத்திரத்தை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், இறுகினால், காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, இது அப்பாக்களுக்கு. ஊர் கேட்டால் என்ன சொல்லலாம் என்று நான் சுகன்யாவிடம் போன வாரம்தான் கேட்டேன். "உடம்பு சரியில்ல, ஆள் பாக்க வர வேணாம்னு சொல்லியிருந்தா போதும்ப்பா" என்றாள். கிளம்புவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை.