பிரெஞ்சுக் கண்ணு

இல்லை, உடலை எடுக்கும் வரை நான் இருக்கவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று போன் செய்து திட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

செல்வராணி அக்கா இன்று விடியற்காலையில் போய்விட்டார். ஹார்ட் அட்டாக். தூக்கத்திலேயே...

காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தாரே, அவர்தான். வளையல், ரிப்பன், பொட்டு. குழந்தைகளுக்குத் திருஷ்டிக்குக் கட்டும் கருப்புமணி, கண்மை.

திருஷ்டிக் கயிறு விற்றுக்கொண்டே, வருகிற குழந்தைகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார். கேட்காமல். சில அம்மாக்கள் முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஊரில் அவருக்குப் பெயர் 'கண்ணு வெக்கிறவ'.

அவர் அதை மறுத்ததே இல்லை.

ஒரு வயதில் நான் அந்தக் கடைக்குப் போன கதையை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். சில வெளிச்சங்களில் என் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னும், பூனைக்கு மின்னுவதைப் போல. பூவத்தில் எங்கள் தெரு முழுக்க அதற்குப் பெயர் பிரெஞ்சுக் கண்ணு. எங்கள் குடும்பத்தில் பாரிஸ் போனவர் யாரும் கிடையாது, வயலுக்குப் போனவர்கள்தான். ஆனாலும் அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

கரண்ட் போன கடை. டார்ச். அக்கா குனிந்து பார்த்திருக்கிறார்.

"பாப்பாவுக்கு என்னங்க இது கண்ணுல?"

"பிரெஞ்சுக் கண்ணு."

"பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போயி எத்தன காலமாச்சு. உங்க புள்ள கண்ணுல மட்டும் வாடகைக்கு இருக்கானா?"

அம்மாவுக்குக் கோபம். "சாமான் வாங்க வந்த எடத்துல கண்ணு வெக்கிறீங்களா?"

"ஆமாங்க. வெச்சுட்டேன். இது மொளகா சுத்திப்போட்டுப் போற கண்ணு இல்ல. கண் டாக்டருகிட்டதான் சுத்திப்போடணும். நாளைக்கே போங்க."

அம்மா போனாள். நம்பிப் போகவில்லை. கண் பட்டுவிட்டதே என்று பயந்துதான் போனாள்.

விழித்திரையில் புற்றுநோய். ஒரு கண்ணை எடுத்துக்கொண்டு என்னைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அக்காவின் ஒரே மகன் அருண் அப்படித் திரும்பி வரவில்லை. அவனுக்கும் அதே மின்னல். அவர்கள் ஊரான கோட்டுச்சேரிமேட்டிலும் அதே செல்லப் பெயர். பிறந்தநாளுக்கு எடுத்த படத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளியை, ஸ்டுடியோக்காரர் கருப்பு மையால் அடைத்து அழகாக்கிக் கொடுத்தாராம். குழந்தை போன பிறகு அக்கா அந்த மையை ஊசியால் சுரண்டி எடுத்தார். படத்தைக் கடையில், வளையல் ஸ்டாண்டுக்கு மேலே மாட்டினார்.

"பாக்க நல்லாவா இருக்கு இது?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"நல்லா இல்லல்ல? அதான் மாட்டிருக்கேன்."

கண்ணோடு அவர் நிறுத்தவில்லை, குழந்தைகளுக்கு வரும் மற்றப் புற்றுநோய்களின் அடையாளங்களையும் விசாரிப்பார். கருப்புமணி வாங்க வந்த ஒரு பெண்ணிடம் அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"காச்சல் வாரக்கணக்குல விட மாட்டேங்குதா? விழாமயே ஒடம்புல ஊதா ஊதாவா கன்னிப்போவுதா? கால் வலின்னு ராத்திரி எந்திரிச்சு அழுவுதா? குளிப்பாட்டறப்ப வயித்துல கட்டியாட்டம் தட்டுதா? காலையில எந்திரிச்சதும் தலவலின்னு வாந்தி எடுக்குதா? மந்திரிக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போயிடு. மந்திரிக்கறத அப்பறம் பண்ணிக்கலாம். சாமி எங்கயும் ஓடிடாது."

எம்.ஏ. படிக்கும்போது அவரைப் பற்றி ஏதோ எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதில் 'போராளி' என்று ஒரு சொல்.

"போராளியா... டார்ச்சுல பேட்டரி தீந்துபோச்சு, போயி வாங்கியாடி மொதல்ல."

வாங்கி வந்தேன்.

இன்று பந்தலில் எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "ஊரு புள்ளைங்க மேலல்லாம் கண்ணு வெச்சா இப்படித்தான்..."

திரும்பினேன். "என் மேலயும் வெச்சாங்க. அதனாலதான் இங்க ஒக்காந்திருக்கேன்."

ஒரு நாற்காலி தள்ளிப் போனது.

அப்போதுதான் தெருமுனையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. பந்தலுக்குள் வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பெயர் சொல்ல மாட்டேன்.

"கடைக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. அக்காகிட்ட புள்ளயக் காட்டலாம்னு வந்தேங்க... வீட்டுல எல்லாரும் பிரெஞ்சுக் கண்ணுன்னு கொஞ்சுறாங்க."

போனில், கண்ணின் நிறத்தை மாற்றிவிடும் ரெட்-ஐ கரெக்‌ஷனை ஆஃப் செய்தேன். ஃபிளாஷ் போட்டு ஒரு படம்.

ஒரு கண், ஃபிளாஷில் எல்லோருக்கும் விழும் சிவப்பு. இன்னொன்று வெள்ளை.

"சாவு வீட்டு வாசல்ல பச்சப் புள்ளயப் போட்டோ எடுக்கறியே. குளிச்சிட்டாவது புள்ளயத் தொடு" என்றது பந்தலிலிருந்து ஒரு குரல்.

"தொட்டுட்டேன்."

மின்னும் கண் எல்லாம் புற்றுநோய் அல்ல. வேறு காரணங்களும் உண்டு. அதைக் கண் டாக்டர் சொல்லட்டும். தெரு சொல்ல வேண்டாம்.

"எனக்கும் சின்ன வயசுல இதே கண்ணுதான். புதுச்சேரிக்குப் போவலாம், நானும் வரேன்" என்றேன்.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு எந்தக் கண்ணுங்க?"

"கண்டுபிடிங்க."

என் செயற்கைக் கண்ணை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். உள்ளே போய் அக்காவின் தலைமாட்டில் நின்று சொல்லிக்கொண்டேன்.

"ஒரு புள்ள வந்துருக்குக்கா. கூட்டிட்டுப் போறேன். நீங்க கெளம்புங்க."

இதை பஸ்ஸில் எழுதுகிறேன். குளிக்கவில்லை. பூவம் தாண்டிவிட்டது.

கை வலிக்கிறது என்றாள் அவள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன்.