பதினோரு வரியும் ஒரு பச்சை ஸ்டிக்கரும்

முதலில் திரையின் மூலையில் விமானப் படம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் வைஃபை அணைந்திருக்கிறது, வெளியிலிருந்து யாரும் உள்ளே எதையும் மாற்றியிருக்க முடியாது என்று பொருள். பிறகு கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, 'செல்வி' என்று பெயர் வைத்த கோப்பை ஒரே ஒரு முறை தொடுவார். திரை கறுக்கும், வெளுக்கும், மறுபடி கறுக்கும். அந்த நாலைந்து நொடிக்கு மூச்சை அடக்கிக்கொள்வது தமிழ்செல்வியின் வழக்கம். மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்திலிருந்து கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் எழுத்து வந்துவிடும். வந்ததும் "எழுந்துட்டான்" என்பார். யாரிடமும் அல்ல.

கையில் இருப்பது மின்னூல் படிக்கிற கருவி. பெங்களூரில் பழைய மின்சாதனம் விற்கும் சந்தொன்றில் மூலையில் கீறலோடு கிடந்ததை ஏழு வருடத்துக்கு முன்பு வாங்கினார். அதைச் செய்த நிறுவனம் உள்ளே வைத்திருந்த மென்பொருளுக்குத் தமிழ் வராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். புள்ளிகள் தப்பி ஓடி அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். சில இடங்களில் வெறும் கட்டம். "காசு மட்டும் முழுசா வாங்கிக்கினு நம்ம எழுத்தக் கந்தலாக்கி உட்டுருக்கான்" என்பது தமிழ்செல்வியின் தீர்ப்பு. எந்த ஊர்க்காரர்கள் என்றே தெரியாத சிலர் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த வேறொரு படிப்பு மென்பொருளைத் தேடி எடுத்து ஏற்றினார். அதில் தமிழ் தமிழாக வந்தது. ஆனால் அதைத் திறப்பதற்குக் கருவியில் பொத்தான் கிடையாது. அதற்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட்.

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலையைக் கருவிக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. தமிழ்செல்வியின் சீட்டில் பதினோரு வரி. இடையிடையே, கருவி கண்டுகொள்ளாத, மனிதர் படிப்பதற்கான குறிப்புகளும் உண்டு. நிறுவனத்தின் திரையை நிறுத்தும் வரிக்கு மேலே 'இவன முதல்ல தூங்க வை' என்றிருக்கும். படிப்பு மென்பொருளை ஓட்டும் வரிக்கு மேலே 'இப்ப நீ வா'. கடைசி வரிக்கு மேலே 'மறக்காம அவன எழுப்பி உடு'. ஒரு முறை எழுப்பும் வரியை எழுத மறந்து, கருவி இரண்டு நாள் வெள்ளைப் பலகையாகக் கிடந்ததன் நினைவு அந்த 'மறக்காம'.

வயது முப்பத்தெட்டு. ஊர் சிங்காரப்பேட்டை. ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்தவர், பதினாறு வருடமாக ஒரே தொழிற்சாலையில், கார்களின் மீட்டருக்குள் போகும் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறார். ஸ்கிரிப்ட் எழுத யாரும் சொல்லித் தரவில்லை. சோதனை மேசைக் கணினி தினமும் காலையில் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டித்தான் கிளம்பும். அது நின்றுவிட்டால் பெங்களூரிலிருந்து என்ஜினீயர் வர வேண்டும். அவர் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் அரை நாள் ஓடிவிடும். ஓடாத அரை நாளுக்கு ஏச்சு வாங்குவது மேசைக்கு முன்னால் நிற்கும் பெண். இரண்டு முறை வாங்கினார். மூன்றாவது முறை என்ஜினீயர் தட்டுவதை எட்டிப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். சம்பளச் சீட்டில் இன்றைக்கும் 'ஆபரேட்டர்' என்றுதான் இருக்கிறது.

நம்பிக்கை விஷயத்தில் அவரோடு வாய் கொடுப்பது லேசல்ல. ஆயுத பூஜைக்குச் சோதனை மேசைக்குக் குங்குமம் வைத்தார்கள். பொடி, போர்டு செருகும் ஊசிகளுக்குள் இறங்கி, மறுநாள் நல்ல போர்டெல்லாம் கெட்டதென்று வந்தது. பூஜை போட்டவர்கள் திருஷ்டி என்றார்கள். தமிழ்செல்வி பல் துலக்கும் பிரஷ்ஷால் ஊசி ஊசியாகத் துடைத்தார். திருஷ்டி, சிவப்பு நிறத்தில் பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டு வந்தது. ராகு காலத்தில் போர்டு அதிகம் கெடுகிறது என்று யாரோ சொன்னதற்காக, மூன்று மாதக் கணக்கைப் பிரித்துப் பார்த்தவர் அவர். ராகு காலத்தில் நூற்றுக்கு இரண்டு. மற்ற நேரத்திலும் நூற்றுக்கு இரண்டு. அந்தத் தாளைக் கேன்டீன் சுவரில் ஒட்டினார். மறுநாள் காணோம்.

பச்சை ஸ்டிக்கரின் கதைக்கு வருவோம். அந்தத் தொழிற்சாலையின் கேட்டைப் போன், பென் டிரைவ், தாள் மூன்றும் தாண்டக் கூடாது. நிறுவனத்தின் ரகசியம் போய்விடுமாம். "இதுல கேமரா இல்ல, சிம் இல்ல, பேச முடியாது, படிக்க மட்டும்தான் முடியும்" என்று தமிழ்செல்வி விண்ணப்பம் கொடுத்தார். மனிதவளப் பிரிவு மூன்று வாரம் யோசித்தது. படிப்பதைத் தடை செய்ய விதி ஏதும் அகப்படாததால், கையெழுத்துப் போட்ட பச்சை ஸ்டிக்கர் ஒன்றைக் கருவியின் முதுகில் ஒட்டிக் கொடுத்தது. எண் ஒன்று. இன்றுவரை எண் இரண்டு இல்லை.

கேட்டில் நிற்கும் காவலாளி ஆஞ்சப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, பஸ் டிரைவரோடு கன்னடம், தமிழ்செல்வியோடு மூன்றும்.

"ஏனம்மா, இன்னுமா அந்தப் புஸ்தகம் முடியல?"

"இதுக்குள்ள நானூறு இருக்குதுண்ணா."

"நானூறா! படிச்சு கலெக்டராவப் போறியா?"

"ஆனேன்னா உனக்குத்தான் மொதல்ல உட்கார நாற்காலி போடச் சொல்லுவேன்."

பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கும் ஆஞ்சப்பன் அதற்குச் சிரிக்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

அந்த நானூறில் ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்காதது. நிலையாணை. நிறுவனத்துக்கும் தொழிலாளிக்கும் இடையில் செல்லுபடியாகும் விதிகள். தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியில் வாசலருகே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வைத்திருந்தார்கள். நேரப் பதிவு அறைக்குப் பக்கத்தில், செருப்பு அடுக்கும் ரேக்குக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள், எறும்பு அளவு எழுத்தில். அப்படி வைத்தது வைக்காததற்குச் சமம் என்று வைத்தவர்களுக்கும் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்பு தமிழ்செல்வி, வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் கிடைக்கும் பத்துப் பத்து நிமிடத்தில், ரேக்கின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி நின்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, இருபத்து மூன்று நாளில் முழுவதையும் நோட்டில் எழுதினார். காவலறையில் வைத்திருந்த நோட்டை அன்றன்றைக்கு எடுத்துக் கொடுத்தது ஆஞ்சப்பன்தான். வீட்டில் தட்டச்சு செய்து கருவியில் ஏற்றினார். "எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று பஸ்ஸில் கேட்டவர்களிடம், "வேணும்னு வர்ற அன்னிக்கு எழுத நேரம் இருக்காது" என்றார்.

அந்த நாள் ஒரு திங்கட்கிழமை.

அவர் லைனில் வேலை செய்யும் ஜெயப்ரியாவுக்கு இருபத்து நாலு வயது. புரொபேஷன் முடிய ஒரு மாதம் பாக்கி. முடிந்தால் வேலை நிரந்தரம். லைனில் பதினாலு பெண்கள். கழிப்பறைக்குப் போக மொத்தம் ஒரே ஒரு பாஸ். சில நாளுக்கு முன்பு, ஜெயப்ரியாவின் மாதவிலக்கு நாளில், பாஸ் வேறொருத்தியிடம் இருந்தது, சூபர்வைசர் மீட்டிங்கில் இருந்தார். லைன் லீடர் ஹீனாவிடம் சொல்லிவிட்டு ஜெயப்ரியா போனாள். பக்கத்துக் கழிப்பறை பூட்டியிருந்தது. அடுத்த கட்டடம் வரை போய்த் திரும்ப இருபத்திரண்டு நிமிடம். 'அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறினார்' என்று குற்றச்சாட்டு வந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விசாரணை வேண்டாம் என்று மனிதவள அதிகாரி ஹரீஷ்குமார் அன்பாகச் சொல்லியிருந்தார். எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். வேலை நிரந்தரமாகாது. ஜெயப்ரியா எழுதவில்லை. அந்தத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. தொழிலாளி தரப்பில் உடன் உட்கார ஒருவருக்கு இடமுண்டு. தமிழ்செல்வி வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை பஸ்ஸில் அவர் 'செல்வி'யைத் தொட்டார். திரை கறுத்தது, வெளுத்தது, கருவி செய்த நிறுவனத்தின் படத்துக்கே திரும்பிவிட்டது. மறுபடி தொட்டார். அதே கதை. அதன் மென்பொருளில் நிலையாணையைத் திறந்தால் கொம்பும் புள்ளியும் சிதறிய கந்தல்தான். பத்து பத்துக்குத் தேநீர் இடைவேளை. பத்தே நிமிடம்.

"இன்னாக்கா, எழுந்திருக்கலியா?" என்றாள் ஜெயப்ரியா. டம்ளரில் டீ அப்படியே இருந்தது.

"கண்ண மூடி மூடித் தொறக்குறான். எழுந்திருக்கல."

"ராகு காலத்துல ஆன் பண்ணிட்டியாக்கா? திங்கக்கெழம ஏழரைக்கு மேல..."

"ஆமாண்டி, இதுக்குள்ள ராகுதான் பூந்துக்கினு ஒக்காந்திருக்கான். சும்மா இரு."

"சகுனமே சரியில்ல. நான் பேசாம மன்னிப்பு எழுதிக் குடுத்துடறேன்."

"எதுக்கு மன்னிப்பு? நாப்கின் மாத்தினதுக்கா?" கேன்டீன் திரும்பிப் பார்த்தது. தமிழ்செல்வி குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. "டீயக் குடி. இது மெஷினு. ஏன்னு கேட்டா சொல்லும்."

சோதனை மேசைக் கணினியில் செருகினால் இரண்டு நிமிட வேலை. கேபிள் இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால் வெளிக் கருவியைச் செருகுவது குற்றம், தலைக்கு மேலே கேமரா. "செருகினா நாளைக்கு என் விசாரணைல நீ என் பக்கத்துல வந்து உட்காரணும்" என்றார். கருவிக்குள்ளேயே கட்டளை தட்டுவதற்கென்று ஒரு சின்னக் கறுப்பு ஜன்னலைத் தனியாக ஏற்றி வைத்திருந்தார். அதைத் திறந்தார். தட்டிய எழுத்து திரையில் வர ஒரு நொடி பிடிக்கும் மந்தமான ஜன்னல். தன் பதினோரு வரியையும், மறைந்திருக்கும் குறிகளோடு காட்டச் சொன்னார்.

ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு கூரைக் குறியும் ஆங்கில எம்மும் தொங்கின.

தமிழ்செல்வி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சிங்காரப்பேட்டைக்குப் போனவர், கோப்பைத் தொட்டதும் நேராக நிலையாணையே திறக்கட்டும் என்று, தம்பி சுரேந்தரின் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரியை மாற்றினார். அந்த வகைக் கணினி ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைத் தானாகச் சேர்க்கும். படிப்புக் கருவிக்கு அது புரியாது. சீட்டையே தள்ளிவிடும். பெங்களூர் என்ஜினீயர் இதே தப்பைச் செய்து சோதனை மேசை அரை நாள் நின்றபோது, கண்டுபிடித்துச் சொன்னதே தமிழ்செல்விதான். "தெரிஞ்ச குழியிலயே போயி உழுந்தேன் பாரு!"

"கண்ணுக்குத் தெரியாததா? அப்ப நான் சொன்னது சரிதானக்கா?"

"கண்ணுக்குத் தெரியாதது வேற, இல்லாதது வேற. இத எண்ணிக் காட்டலாம். எண்ணு." எண்ணி முடித்தபோது மணி அடிக்க நான்கு நிமிடம்தான் இருந்தது. வால்களையெல்லாம் நறுக்கச் சொல்லும் ஒற்றை வரியை, ஒவ்வொரு எழுத்தும் வந்து உட்காரும் வரை பொறுத்துப் பொறுத்து, கட்டைவிரலால் தட்டினார். ஜன்னலை மூடி 'செல்வி'யைத் தொட்டார். கறுத்தது, வெளுத்தது, கறுத்தது. 'நிலையாணைகள்' என்று பெரிய எழுத்தில் வந்து நின்றது.

"எழுந்துட்டான்" என்றாள் ஜெயப்ரியா.

விசாரணை அதிகாரி கிருஷ்ணகிரியிலிருந்து வரும் வழக்கறிஞர். அவருக்குப் பணம் கொடுப்பது நிறுவனம். அதன் பெயர் நடுநிலை. கருவியைக் கண்டதும் ஹரீஷ்குமார், "எலெக்ட்ரானிக் டிவைஸ் அலவ் பண்ண முடியாது சார்" என்றார். தமிழ்செல்வி கருவியைத் திருப்பி முதுகைக் காட்டினார். பச்சை ஸ்டிக்கரில் இருந்தது ஹரீஷ்குமாரின் கையெழுத்து.

ஹரீஷ்குமார் தன் தாளை எடுத்து வாசித்தார். "பணியிடத்தை விட்டுச் செல்ல மேற்பார்வையாளரின் அனுமதி பெற வேண்டும். அவ்வளவுதான் சார் ரூல். லைன் லீடர்கிட்ட சொன்னது கணக்கில்ல."

"அதோட அடுத்த வரி சார்" என்றார் தமிழ்செல்வி.

"அடுத்த வரி எதுவும் இல்லையே."

"உங்க தாள்ல இல்ல." கருவியிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "அவர் இல்லாத நேரத்தில் வரிசைத் தலைவரிடம் தெரிவித்துச் செல்வது அனுமதியாகவே கருதப்படும்."

"இது திருத்தின காப்பி" என்று ஹரீஷ்குமார் தன் தாளைத் தட்டினார். "நீங்க வச்சிருக்கிறது நீங்களா டைப் பண்ணது. அதுக்கு என்ன ஆதாரம்?"

"திருத்தியிருந்தா ஒட்டியிருப்பீங்கல்ல சார்? வாங்க, போயிப் பாத்துடலாம்."

விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஹரீஷ்குமாரைப் பார்த்தார், ஹீனாவின் வாக்குமூலத்தை ஒரு முறை புரட்டினார். ஜெயப்ரியா தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று அதில் எழுதியிருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

நால்வரும் நேரப் பதிவு அறைக்கு நடந்தார்கள். ரேக்கின் விளிம்பில் ஏறாமல் கை எட்டாது. ஹரீஷ்குமாரே ரேக்கை ஒரு ஓரமாகத் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஜோடி செருப்பு அவர் பாலிஷ் ஷூ மேல் விழுந்தது. அதிகாரி கண்ணாடிச் சட்டத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், பின்வாங்கினார்.

"ஒரே தூசி. ஒண்ணும் தெரியலையேம்மா."

ஜெயப்ரியா துப்பட்டாவை எடுத்தாள். தமிழ்செல்வி அவள் கையைத் தடுத்தார். போர்டு துடைக்கும் நூல் உதிராத துணியைத் தன் மேலங்கிப் பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, நுனியால் எட்டு மாதத் தூசியின் நடுவே இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு இழுத்தார். சரியாக அந்த ஒரு வரியின் அகலம். மேலேயும் கீழேயும் ஒன்றையும் தொடவில்லை. பிறகு துணியைப் பையில் போட்டுக்கொண்டு, அதிகாரி படிப்பதற்கு வழிவிட்டு நின்றார்.