சாய்ந்த மாலை

மலேசியாவின் ஜார்ஜ் டவுன், லிட்டில் இந்தியா. பூக்கடை முன்னால் மல்லிகைக்காக நிற்கிறேன். கடைக்கார அக்கா என்னைக் கவனிக்கவில்லை. செவ்வந்திக் குவியலில் சாய்த்து வைத்த போனில் ஒரு கல்யாணம் ஓடுகிறது. கண் அதில் இருக்க, கை தன்பாட்டுக்கு மாலை கட்டுகிறது.

"என் தங்கச்சி கல்யாணம், தம்பி. நிபோங் திபால் கோயில்ல நடக்குது."

"நீங்க போகலையா அக்கா?"

"முகூர்த்த நாள் லா. நானும் போயிட்டா மத்த பொண்ணுங்களுக்கு யாரு மாலை கட்டுறது? வீட்டுல எல்லாரும் என்னை அகத்தியர்னு கிண்டல் பண்றாங்க."

எனக்குச் சொந்த ஊர் பாபநாசம். சிவன் கல்யாணத்துக்கு உலகமே கயிலையில் திரண்டதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததும், பூமியைச் சமன்செய்ய அகத்தியரை மட்டும் தெற்கே அனுப்பியதும் அங்கே எல்லோரும் சொல்லும் கதை.

"அவருக்கு எங்க ஊர்லயே சிவன் கல்யாணக் கோலத்தைக் காட்டினாராம்" என்கிறேன்.

"எனக்கு வீடியோ கால்ல காட்டுறாங்க."

கெட்டிமேளம் கேட்கிறது. அங்கே எல்லோரும் எழுந்துவிட, திரை முழுக்க முதுகுகள். அக்கா ஒரு கை உதிரிப்பூவை அள்ளிப் போன்மேலேயே போடுகிறார்.

முதுகுகள் விலகியதும் பூவைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறார். மணப்பெண் தெரிகிறாள். கழுத்தில் புதுத் தாலி, காலையில் அக்கா கட்டி அனுப்பிய மாலை.

"மாலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. யாராச்சும் நேராக்கி விடுங்க லா" என்று போனைப் பார்த்துச் சொல்கிறார்.

மேளச் சத்தத்தில் அங்கே யாருக்கும் கேட்கவில்லை.