காலியாய் விட்ட இரண்டு கட்டங்கள்

அன்புச்செல்வனை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வாக்குவாதத்தில். நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கி, லாரியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்த நாள் அது. ஏதோ ஒரு சாதிச் சங்கத்தின் காலண்டரை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்த பெரியவர், பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். உள்ளேயிருந்து வந்தவர் சிரித்துக்கொண்டே, "நாளு தெரிஞ்சா போதுங்க, ஆளு தெரிய வேணாம். காலண்டர நீங்களே வச்சிக்குங்க" என்றார். பெரியவர் விடவில்லை, இவரும் விடவில்லை. கால் மணி நேரம் போனது. பிறகு அதே சிரிப்போடு வந்து என் பீரோவின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

அவர்தான் அன்புச்செல்வன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் டெக்னீஷியன். பதினேழு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர்.

அவருடைய அப்பா சாமிக்கண்ணு, டவுன்ஷிப்புக்குக் கிழக்கே ஒரு கிராமத்தின் காலனியில் இருப்பவர். ஒரு குழி நிலம்கூடச் சொந்தமாகக் கிடையாது. நடவு, கரும்பு வெட்டு, பண்ருட்டிப் பக்கம் முந்திரி பொறுக்குவது என்று காலம் தள்ளியவர். மகன் மட்டும் அரசு மாணவர் விடுதியில் தங்கி, பள்ளி முடித்து, ஐ.டி.ஐ. முடித்து, ஒன்பது வருடம் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பெர்மனன்ட் ஆனார். "சாமிக்கண்ணு மவன் இங்க வந்து நிக்கிறான்னா அதுக்கு இந்தக் கவர்ன்மென்ட்டு போட்ட சோறும் காரணம், குடுத்த சீட்டும் காரணம்" என்று அவரே சொல்வார். அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

கான்ட்ராக்டில் இருந்தபோது கேட் பாஸுக்காக ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். வடலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்த பெண்தான் ஆனி. நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்திவிட்டு, மன்னிப்புக் கேட்டாள். இவர் மறுவாரம் எந்தக் காரணமும் இல்லாமல் மறுபடி போனார். இரண்டு வருடம் கழித்து இருவரும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய மனு கொடுத்தார்கள். ஆனி கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய ஊரில் எல்லோருக்கும் மாதா கோயில் ஒன்றுதான், ஆனால் கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. காலனிக்கு எது, ஆனி வீட்டார் இருக்கும் தெருவுக்கு எது என்று எழுதி வைக்காமலே அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் அவர்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையைக் கொடுத்தது. கூடவே முப்பது நாள் அவர்கள் பெயரையும் முகவரியையும் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டியும் வைத்தது. ஒன்பதாம் நாள் ஆனியின் அண்ணன் லியோவின் நண்பன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். மறுநாள் லியோ நாலு பேரோடு பைக்கில் வந்து இறங்கினான். இருவரும் மகளிர் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். லியோ அங்கேயும் வந்தான்.

அங்கிருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லையாம். "பொண்ணுக்கு இருபத்தி மூணு வயசு ஆவுது. அவ இஷ்டம். இன்னும் ஏதாச்சும் சொல்லணும்னா எழுத்துல குடுங்க, நானும் எழுத்துல பதில் தரேன்" என்றாராம். எழுத்தில் தர யாருக்கும் தைரியமில்லை. முப்பது நாள் முடிந்து கல்யாணம் பதிவாகும்வரை ஒரு பெண் காவலர் ஆனி தங்கியிருந்த விடுதிக்குத் தினம் ஒருமுறை வந்து போனார்.

"இந்த ஊர்ல சட்டம் முன்னாடி போயிடுச்சுங்க. ஊரு பின்னாடி வந்துகினு இருக்குது. நடுவுல மாட்டிக்கிறது எங்கள மாதிரி ஆளுங்கதான்" என்று அன்புச்செல்வன் பிற்பாடு சொன்னார். நான் கம்பெனி வேலையாக வடக்கே ஒரு மாநிலத்தில் மூன்று வருடம் இருந்தவன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு ஜோடிக்குக் காவல் நிலையத்தில் உட்காரக்கூட இடம் தரவில்லை. நடுவில் மாட்டிக்கொள்ளவாவது இங்கே ஒரு நடு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். தமிழ்நிலா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் ஆனியின் அப்பா மரியஜோசப், அதுவரை முகம் கொடுக்காதவர், ஒரு வாழைத்தாரோடு வந்து நின்றார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "ஞானஸ்நானம் எப்போ?" இந்தப் பக்கம் சாமிக்கண்ணு, திருவதிகைக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்றார். அன்புச்செல்வன் இரண்டு தாத்தாக்களிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "அவ பெரியவளாயி முடிவு பண்ணட்டும்." ஆனிக்கு உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. ஆனாலும் கணவர் பக்கமே நின்றாள். மரியஜோசப் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்து, சாப்பிட்டு, சண்டை போட்டுவிட்டுப் போவார்.

பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் சாதி, மதம் என்று இரண்டு கட்டங்கள். அன்புச்செல்வன் இரண்டையும் காலியாக விட்டார். தலைமையாசிரியை தயங்கினார். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய அரசாணையின் நகலை எடுத்து நீட்டினார். நம் மாநிலத்தில் அப்படிக் காலியாக விடலாம், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. தலைமையாசிரியை இரண்டு முறை படித்துவிட்டு, "எனக்கே இது தெரியாதுங்க" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அன்புச்செல்வன் எங்கள் வீட்டுக்கு மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். பெண் பிறந்ததற்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

தமிழ்நிலா நன்றாகப் படித்தாள். சாமிக்கண்ணு தாத்தா வீட்டுக்குப் போனால் மாட்டுக் கொட்டகையை விட்டு வரமாட்டாள். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். ப்ளஸ் டூ முடிவு வந்தது. கட்-ஆஃப் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தெட்டு. நல்ல மதிப்பெண்தான். ஆனால் பொதுப்பிரிவில் அந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்காது என்று வேதியியல் ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை அவள் அப்பாவிடம் பேசியதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நானும் கேட்டேன். குவார்ட்டர்ஸ் சுவர் அப்படி.

"அப்பா, எனக்குக் கம்யூனிட்டி சர்டிபிகேட் வேணும்."

"பன்னெண்டு வருஷமா கட்டிக் காத்த கட்டம்மா அது. கட்-ஆஃப் போன வருஷத்த விட கொஞ்சம் எறங்கினா கெடச்சிடும். இல்லன்னா வேற படிப்பு."

"நீங்க விடுதில தங்கிப் படிச்சீங்க. வேலைக்கு வந்தீங்க. எனக்கு மட்டும் ஏன் வேற படிப்பு?"

"நான் பட்டது உனக்கு வேணாம்னுதான்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள்.

"ஒன்பதாவது படிக்கும்போது ஹரிணி வீட்டுக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா? அவங்க அம்மா, உங்கப்பா எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன். அங்க எந்தப் பக்கம்னு கேட்டாங்க. சொன்னேன். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்ல காபி வந்துச்சு, எனக்கு மட்டும் பேப்பர் கப். கட்டம் காலியா இருந்தது ஸ்கூல்லதாம்பா. அவங்க வீட்ல ரெண்டே கேள்வியில ரொப்பிட்டாங்க."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அந்த ஆர்டர் காப்பிய பிரேம் போட்டு மாட்டி வச்சிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

அன்புச்செல்வன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நான் பெருமைக்கு விட்ட எடத்துல அவ தனியா நின்னுகினு இருந்திருக்கா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இ-சேவை மையம் எத்தன மணிக்குத் திறப்பான்?" என்று கேட்டார்.

விண்ணப்பம் போட்டாயிற்று. கிராம நிர்வாக அலுவலர் காலனிக்குப் போய் விசாரித்தார். சாமிக்கண்ணுவும் பக்கத்து வீட்டுக் கலியம்மாளும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு வருவாய் ஆய்வாளர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மரியாதையான மனிதர்தான். ஆனால் கூடத்துச் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"பொண்ணு கிறிஸ்டியன்ங்களா? அப்படின்னா எஸ்.சி. தர முடியாதுங்க. மதம் மாறினா அந்தப் பிரிவு போயிடும், சட்டம் அது."

ஆனி சமையலறையிலிருந்து வந்தாள். "படம் என்னுதுங்க சார். ஜெபமும் என்னுது. பொண்ணுக்கு நான் எதுவும் பண்ணல."

"அத எப்படிம்மா நான் எழுதறது? பள்ளிக்கூடத்து ரெக்கார்டுல மதம்னு போட்ட எடத்துல கோடுதான் இருக்கு."

பத்து நாளில் செல்போனுக்குச் செய்தி வந்தது: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கலந்தாய்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. யாருக்கும் தலைவணங்காமல் காலியாக விட்ட கட்டமே இப்போது குறுக்கே நின்றது. அன்புச்செல்வன் கடலூர் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுதினார். "ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேள்வி வந்தது. நடந்ததற்கு ஆதாரம் காட்டலாம், நடக்காததற்கு எங்கே போவது?

ஆனிதான் தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். மரியஜோசப், "விசாரணை என்னைக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விசாரணை நாளன்று நானும் துணைக்குப் போயிருந்தேன். கோட்டாட்சியர் இளம்பெண், முப்பது வயதுகூட இருக்காது. கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மரியஜோசப் வெள்ளை வேட்டியில், மாதா பதக்கம் சட்டைக்கு மேலே தெரிய, உள்ளே வந்தார். பின்னால் லியோ. அன்புச்செல்வனின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

"நான் இந்தப் பொண்ணுக்குத் தாத்தாங்க" என்றார் மரியஜோசப். "இவளுக்கு ஞானஸ்நானம் குடுங்கடா, குடுங்கடான்னு பதினெட்டு வருஷமா இவங்க வூட்டுல சண்ட போட்டுகினு இருக்கேன். குடுத்திருந்தா நான் எதுக்குங்க சண்ட போடறேன்? எங்க பங்குச் சாமியாரு கிட்ட போயி, ரிஜிஸ்டர்ல இவ பேரு இல்லன்னு எழுதி வாங்கியாந்திருக்கேன். அவுரு கிட்ட இதக் கேக்க எனக்கு எவ்ளோ வெக்கமா இருந்துதுன்னு எனக்குத்தான் தெரியும்."

கோட்டாட்சியர் கடிதத்தை வாங்கிப் படித்தார். உதட்டோரம் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "இன்னும் கோவமா இருக்கீங்களா ஐயா?"

"இருக்குதுங்க. ஆனா அது எனக்கும் கர்த்தருக்கும் இவ அப்பனுக்கும் நடுவுல இருக்கறது. புள்ள படிப்புக்கும் அதுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றபோது லியோ முன்னால் வந்து போட்டான். வெளியே வந்ததும் அன்புச்செல்வனிடம், "டீ சாப்பிடலாமா மாப்ள?" என்றான். இருபது வருடத்தில் அவன் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் சான்றிதழ் வந்தது. அன்புச்செல்வன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை படித்தார். "எதுவுமே இல்லன்னு சொல்ற உரிமையும் இருக்கணும், இதுவும் இருக்கணும். ரெண்டுக்கும் சேத்து ஒரு வழிய இன்னும் யாரும் எழுதல" என்றார். எரிச்சல்தான் அது. ஆனால் அன்றைக்கே அதற்கு நாலு நகல் எடுத்து வைத்தார். தமிழ்நிலாவுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கொண்டுபோய் விட இரண்டு தாத்தாக்களும் ஒரே வேனில் ஏறினார்கள். வழி நெடுகக் கடவுள் பற்றிச் சண்டை என்று ஆனி வந்து சொன்னாள்.

போன தை மாதம் சாமிக்கண்ணுவின் ஊரில் கால்நடை மருத்துவ முகாம் நடந்தது. நிழல் இருக்கிறதென்று காலனிப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தார்கள். நான்காம் வருட மாணவி தமிழ்நிலா, விடுமுறைக்கு வந்தவள், முகாம் மருத்துவருக்கு உதவியாக நின்றாள். நாங்களும் பார்க்கப் போயிருந்தோம். காலனி மாடுகள் காலையிலேயே வந்துவிட்டன. ஊர்த்தெரு மாடுகள் வருமா என்று பேச்சு இருந்தது. பத்து மணிக்குமேல் ஒவ்வொன்றாக வந்தன. சிலர் வரவில்லை, மாட்டை ஊருக்குள்ளேயே வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மருத்துவர் முடியாது என்றுவிட்டார்.

ஊர்த்தெருவில் பெரிய பண்ணையக்காரர் சடையப்பன் தன் சிவப்பு மாட்டைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சாமிக்கண்ணு அவர் வயலில் எத்தனையோ வருடம் நாற்று நட்டவர். மாடு முரண்டு பிடித்தது. சடையப்பன் கயிற்றை இழுத்துப் பிடிக்க, மறுபக்கம் கொம்பைப் பிடித்துக்கொண்டது சாமிக்கண்ணு. தமிழ்நிலா தோள் வரை கையுறை மாட்டிக்கொண்டு சோதித்தாள். மருத்துவரும் ஒருமுறை பார்த்துத் தலையசைத்தார்.

சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு தபா ஊசி போட்டும் நிக்கல டாக்டரம்மா. இந்த தபா சினை புடிச்சிருக்குதுங்களா?"

"புடிச்சிருக்குங்க. மூணு மாசம். பசுந்தீவனம் நல்லாக் குடுங்க, வெயில்ல கட்டாதீங்க."

சடையப்பன் கயிற்றை விட்டுவிட்டு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். மாடு அவிழ்ந்து மைதானத்தைச் சுற்றி ஓட, இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்கள்.