வீட்டுக்குள் பெய்த மழை

கழுத்தளவு வெந்நீரில், மடித்த துண்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, மினெகிஷி பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார்: "உங்க வீட்டுக்குள்ள மட்டும் மழை பெய்ஞ்சா என்ன பண்ணுவீங்க?"

தோஃபு கடைக்காரர் கொந்தா கண்ணைக்கூடத் திறப்பதில்லை. "வாடகையக் கொறைக்கச் சொல்லுவேன்."

"மாட்டேன்னுட்டா?"

"அக்கம்பக்கத்து ஆளுங்களக் குளிக்கக் கூப்பிட்டுக் காசு வாங்குவேன். உங்க கதையில ஒருத்தனுக்கும் பொழைக்கத் தெரியாதா, எழுத்தாளரே?"

இந்தப் பொதுக் குளியலறைதான் மினெகிஷியின் எழுத்து மேசை. கிடைத்த வசனம் மறந்துவிடாமலிருக்க, மரச்செருப்பு சடசடக்க அதை உரக்கச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார். டோக்கியோவின் மேற்குக் கோடியில், படப்பிடிப்புத் தளங்கள் சூழ்ந்த அந்தத் தெருவில் யாரும் அதைப் பைத்தியம் என்பதில்லை.

சீனாவில் ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவில் வளர்ந்தவர். ஜப்பான் போரில் தோற்றபின், சிறுவனாக அம்மாவோடு கப்பலில் திரும்பியபோது, துறைமுகத்தில் ஓர் அதிகாரி கேட்டார்: "சொந்த ஊர் எது?" அப்பாவைப் புதைத்த ஊர் இப்போது வேறொரு நாட்டில், வேறு பெயரில் இருந்தது. அம்மா தலைகுனிந்து நிற்க, பையன் சொன்னான்: "இந்தக் கப்பல்தான்." கன்னத்தில் அறை விழுந்தது. பதிலை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. தன் கதைகளை விசித்திரம் என்பவர்களிடம் இன்றும், "பாத்தத எழுதுறேன், அவ்வளவுதான்" என்கிறார்.

அவர் திரைக்கதை எழுதிய முதல் படத்தில், ஒரு விதவையின் வீட்டுக்குள் ஓயாமல் மழை பெய்கிறது. தெருவே முதலில் அங்கே வந்து குளிக்கிறது. பிறகு அவளைக் காலி செய்யச் சொல்கிறது. அவள் போக மறுக்கிறாள். கதை அவ்வளவே.

தயாரிப்பாளர் உருஷிபாதா நயமாகத்தான் பேசினார். "கடைசியில அவ தூக்கத்துலேருந்து எழுந்திரிக்கட்டும். எல்லாம் கனவு. சனங்க நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க."

"வெளியில பெய்யுற மழை ஏன் பெய்யுதுன்னு சனங்க கேக்குறாங்களா?"

"ஏன் ஐயா இந்த வீம்பு? ஒரே ஒரு காட்சி."

"அந்த ஒரு காட்சி போதும், அவளப் பொய்க்காரி ஆக்கிடும். துரத்துனாங்க, அவ போகல. அது கனவில்ல."

உருஷிபாதா கேட்கவில்லை. மறுநாள் காலை அந்தக் கனவுக் காட்சிக்காகப் படப்பிடிப்பு அரங்கில் பாய் விரித்து, மேலே மெத்தை போட்டு, விளக்குகளை எரியவிட்டார்கள். நடிகை வருவதற்குள் மினெகிஷி வந்தார். பாயில் செருப்போடு ஏறியதும் ஆட்கள் பதறிப்போனார்கள். மெத்தையில் படுத்து, போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டார்.

"படம் புடிங்க. ஆனா நான் எழுந்திரிக்க மாட்டேன்."

இருவர் தூக்கப் பார்த்தார்கள். இயக்குநர் அவர்களைத் தடுத்துவிட்டு, தலைமாட்டில் வந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். "எனக்கும் இந்தக் காட்சி புடிக்கல" என்றார் மெதுவாக. மாலையில் அரங்கை வேறு படத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உருஷிபாதா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் விளக்குகளை அணைக்கச் சொன்னார். இனி இந்த நிறுவனத்தில் மினெகிஷிக்கு வேலை கிடையாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்.

கனவில்லாமலே படம் வெளிவந்தது. முதல் நாள், பாதி நிறைந்த திரையரங்கின் கடைசி வரிசையில் மினெகிஷி உட்கார்ந்திருந்தார். மழையில் இடிந்துபோன கூரையின் கீழ், வீட்டைவிட்டுப் போகாத விதவை சோறு பரிமாறிக்கொண்டிருக்கையிலேயே திரை இருண்டது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார்: "ஒரு மண்ணும் புரியல! எவன்யா எழுதுனது?"

மினெகிஷி எழுந்தார். கோட்டுப் பொத்தானை மாட்டினார். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்புவரை குனிந்து அவருக்கு வணக்கம் வைத்தார்.